இரண்டு மணி டாங்கோ

சரியாக இரண்டு மணிக்கு மெருயெர்த்தின் காதில் பாட்டு நின்றது. அல்மாத்தி கடைவீதியில் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலையாக இருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தாள். 'உங்கள் கணக்கில் வேறொரு கருவியில் பாட்டு ஓடுகிறது. கருவி: வீடு.'

ஒரு கணக்கு, ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். அவர்கள் கட்டும் சந்தா அப்படி. அப்படியானால் வீட்டு ஸ்பீக்கர் இப்போது யாருக்காகப் பாடுகிறது? பட்டியலைத் திறந்தாள். டாங்கோ. அவள் பிறப்பதற்கு முன்பே வந்த, ஜோடியாக ஆடும் காதல் டாங்கோ. ஐந்தாவது நாளாக அதே பாட்டு.

அந்த நேரத்தில் வீட்டில் யாருமே இருக்கக் கூடாது. மாமியார் சௌரெஷ் முழங்காலுக்கு மின்சார ஒத்தடம் கொடுக்க வேண்டுமென்று, காதில் வெள்ளித் தொங்கட்டான் ஆட, ஒன்றரைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவாள். கணவன் தொலெகென் டிராலிபஸ் டிரைவர். அவனுக்கு ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை இடைவேளை. டெப்போவில் படுத்துத் தூங்குவதாகத்தான் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அன்று மாலை அவன் தட்டில் வெறும் நூடுல்ஸ் மட்டும் விழுந்தது.

"கறி எங்கடி?"

"மத்தியானமே வயிறு நெறஞ்சிருக்கும்னு வைக்கல."

"ரெண்டே ரெண்டு சம்சாதான் தின்னேன்!"

மெருயெர்த் நிமிர்ந்தாள். ஹாலில் இருந்த ஸ்பீக்கர், சமையலறை ஃபிரிட்ஜின் தலைமேல், சுவரிலிருந்த காற்றோட்டத் துளைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது.

"இதை யாரு இங்க தூக்கி வச்சது?"

"நான் தொடவே இல்ல."

"ஓஹோ. அதுவே நடந்து வந்துச்சாக்கும்?"

அந்தத் துளை வழியே பக்கத்து வீட்டில் யாரோ பலமாகத் தும்மினார்கள். மனைவியை இழந்து தனியாக இருக்கும் சபர்காலிதான். "நூறு வயசு இருங்க, பெரியவரே!" என்றான் தொலெகென், பேச்சு மாறியதே போதும் என்ற நிம்மதியில். "உன் வாய்க்குச் சர்க்கரை, தம்பி!" என்று துளையிலிருந்து பதில் வந்தது.

சௌரெஷ் தலை நிமிராமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "அந்தப் பேசுற டப்பாவைத் தூக்கிக் குப்பையில போடு மெருயெர்த். மனுஷங்க இருக்குற வீட்டுல அதுக்கென்ன வேலை?"

டப்பாவை வாங்கியவள் மெருயெர்த்தான். வாங்கிய அன்றே அதனிடம் வாயாலேயே சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டு, தொலெகெனின் கையைப் பிடித்து இழுத்தாள். "எனக்கு ஆட வராதும்மா" என்று சோபாவை விட்டு எழவே இல்லை அவன். கல்யாண வீடுகளிலும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அப்படிப்பட்டவன் யாருக்காக டாங்கோ ஆடக் கற்றுக்கொண்டான்?

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கதவோரம் ஒரு பெட்டியை எடுத்து வைத்தாள். அதில் அடுக்கப் போவது அவன் துணியா தன் துணியா என்பது மட்டும் முடிவாகவில்லை. மாமியாரின் கோட்டும் பூட்ஸும் இல்லை, கிளம்பியாயிற்று. மாவு தேய்க்கும் நீளக் கட்டையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு மணி. வாசல் கதவு திறக்கும் சத்தமே கேட்கவில்லை. ஆனால் சமையலறைப் பக்கம் ஒரு பெண்குரல் ஏதோ சொன்னது.

"இதோ, உங்கள் டாங்கோ" என்றது ஸ்பீக்கர். அலமாரியில் கோப்பைகள் அதிரும்படி பாட்டு கிளம்பியது.

கட்டையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தாள் மெருயெர்த். சமையலறையில் யாரும் இல்லை. ஹாலில் இல்லை. படுக்கையறையில் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். ஒரு ஜோடி காலுறைதான் கிடந்தது. வாசல் கதவு பூட்டியது பூட்டியபடியே இருந்தது.

கணவனை வீடியோவில் அழைத்தாள். கன்னத்தில் தலையணைச் சுருக்கத்தோடு தொலெகெனின் முகம் வந்தது. அவனுக்குப் பின்னால் பெஞ்சுகளில் நாலு டிரைவர்கள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா? தூங்கிட்டிருக்கேன்... அங்க என்ன பாட்டு?"

"டாங்கோ. நீ போட்டதுன்னு நெனச்சேன்."

"நான் போட்டு என்ன செய்ய? எனக்குத்தான் ஆடவே வராதே!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கட்டையைக் கீழே வைத்தாள். "தூங்கு, தூங்கு. சாயங்காலம் கறி நெறைய வைக்கிறேன்" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் தரையில் கால்கள் தாளத்தோடு தேய்வது கேட்டது. ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடி. சட்டென்று ஆட்டம் நின்றது.

"உங்க வீட்டுல யாரோ பேசுற மாதிரி இருக்கே?" காற்றோட்டத் துளைக்குள்ளிருந்து சபர்காலியின் குரல் பதறியது.

அதற்கு அங்கேயே ஒரு பெண்குரல் பதில் சொன்னது:

"சும்மா பயப்படாம ஆடுங்க, என் மருமக ஆறு மணிக்குத்தான் வருவா!"