வெளியே போய் நில்

"என் பொண்ணு என்ன திருடினாளா? வாரத்துல ரெண்டு நாள் வராண்டாவுல நிக்க வைக்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

பள்ளி விட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மற்ற ஆசிரியைகள் மெம்பரின் சத்தத்தைக் கேட்டதும் நைசாக நழுவிவிட்டார்கள். பின்னே? சட்டசபை மெம்பரோடு யார் மல்லுக்கு நிற்பது? மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

"உட்காருங்க சார், சொல்றேன்."

"உட்கார வரலை! ஏசி க்ளாஸ்னு பார்த்துச் சேர்த்தேன். வெளியில தூசியில நின்னு நின்னு, ராத்திரியானா சிட்டுவுக்கு இழுப்பு. இன்னைக்கே உங்க சீட்டைக் கிழிக்கிறேனா இல்லையா பாருங்க!"

வெறும் சவடால் இல்லை, வயிற்றெரிச்சல். ஒரே மகள். அவள் மூச்சுக்குத் திணறினால் மனுஷனுக்கு ஈரக்குலையே நடுங்கிப்போகும்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"வெளியில நின்ன அன்னைக்கு ராத்திரி அவளுக்கு இழுப்பு வந்திருக்கா சார்? யோசிச்சுப் பாருங்க. லீவு நாள்லயும் நல்லாத்தானே இருக்கா?"

மெம்பர் விரல்விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார். கணக்கு ஒத்துப்போயிற்று.

"ஏசிக்காக ஜன்னலையெல்லாம் அடைச்சுட்டாங்க. நாப்பது பிள்ளைங்க விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுக்குதுங்க. மத்தியானத்துல எனக்கே தலை சுத்துது. நிர்வாகத்துல கேட்டா, 'சட்டத்துல இருக்கா?'ங்கறாங்க."

"அதுக்கு அவளை ஏன் தண்டிக்கணும்?"

"பாடம் நடக்கிறப்ப பிள்ளைங்களை வெளியில விடக்கூடாதுங்கறது இங்க ரூல். தண்டனைன்னா விடலாம். அதான் எழுத்து கோணல், பென்சில் மொட்டைன்னு ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பறேன். வராண்டாவுல காத்தாவது வரும் சார்."

மெம்பர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்படிப்பட்டவளையா வேலையை விட்டுத் தூக்கப் பார்த்தோம்!

"மன்னிச்சிடுங்க டீச்சர். கையெடுத்துக் கும்பிடறேன்."

"அய்யோ, அதெல்லாம் எதுக்கு சார்? வகுப்பறைக் காத்துக்குன்னு ஒரு சட்டம் வருதாமே, அது எப்ப வரும்?"

அன்று காலைதான் அதற்கான குழுக் கூட்டம் நடந்தது. 'நாமெல்லாம் படிச்சு ஆளாகலையா? பள்ளிக்கூடம் நடத்தறவங்க தலையில எதுக்குச் செலவை ஏத்தணும்? அடுத்து வர்றவங்க பார்த்துக்கட்டும்' என்று பேசி, கிடப்பில் போட வைத்ததே இவர்தான். எல்லோரும் மேஜையை வேறு தட்டினார்கள்.

"வரும்... பேசிக்கிட்டிருக்கோம்" என்றார் தரையைப் பார்த்து.

"சீக்கிரம் கொண்டு வாங்க சார், புண்ணியமாப் போகும். சிட்டு மட்டுமில்ல, இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கு இழுப்பு இருக்கு. ஒரு நாளைக்கு ஒருத்தரைத்தான் நிக்க வைக்க விடறாங்க. அதனால மூணு பேரையும் முறை போட்டு அனுப்பறேன். இன்னைக்கு ஸ்கூல் பஸ் டிரைவர் பொண்ணோட முறை. சிட்டு முழுக்க உள்ளேதான் இருந்தா. ராத்திரி கொஞ்சம் பார்த்துக்கோங்க."

மெம்பருக்கு முகம் செத்துப்போயிற்று. சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர்... இனிமே தினமும் சிட்டுவையே நிக்க வெச்சிடுங்க."