சம்பந்தியம்மாவின் மூக்கு

"அப்பா, நீங்கள் குடிச்சிட்டு வந்திருக்கிறியள்."

மதுரா கேட்கவில்லை, சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கொடிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டுவிட்டதாக இப்போதுதான் போன் வந்தது. தியாகலிங்கம் விறாந்தைக் கதிரையில் இருந்தார். அவரைத் தாண்டிப் போகிற எவருக்கும் சாராய மணம் மூக்கில் அடிக்கும்.

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அம்மா, இஞ்சை வந்து உங்கடை ஆளைப் பாருங்கோ."

மகாதேவி வந்தாள். பார்த்தாள். "கத்தாதை பிள்ளை, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றுவிட்டு வடை சுடப் போய்விட்டாள்.

மதுராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பு குடித்த மனுசன்தான். போன வருசம் தோட்டத்துக்கும் போகாமல், சாப்பாடும் இல்லாமல், சுவரைப் பார்த்தபடி கிடந்தவரை ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனவள் அவள். டொக்டர் மனச்சோர்வு என்று சொல்லிக் குளிசை எழுதினார்.

"இந்தக் குளிசையோடை சாராயம் கூடாது ஐயா. ரெண்டும் சேர்ந்தால் மயங்கி விழுவியள். மனமும் திரும்பப் பழையபடி இருண்டுபோகும்."

அன்றோடு குடியை விட்டவர். ஆனால் குளிசையும் சும்மா விடவில்லை. வாய் காய்ந்தது. கை நடுங்கியது. பகலிலேயே கண் சொருகியது. மகாதேவி டொக்டரைக் கேட்டுக் காலைக் குளிசையை இரவுக்கு மாற்றினாள். எந்த நேரமும் பக்கத்தில் தண்ணீர் வைத்தாள். தலை சுற்றும், ஆறுதலாக எழும்புங்கோ என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். மனுசன் தேறி, வெங்காயத்துக்குத் தண்ணி கட்டுகிற அளவுக்கு வந்துவிட்டார். கையும் நாக்கும்தான் இன்னும் சரிவரவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, பிரணவனின் தாய் வருகிற நாள் பார்த்தா இந்த வேலை?

பிரணவன் அவளோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறவன். அவனைத் தவிர வேறு ஒருவனை அவள் நினைத்ததில்லை. சாதகமும் பொருந்திவிட்டது. தாய்க்காரி தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

வந்தார்கள். பிரணவனின் தாய் மீனாம்பிகை, அவளின் தமையன் கதிரவேலு.

தியாகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார். கோப்பை தட்டில் கடகடத்தது. கேட்ட கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு மறுமொழி மெல்ல மெல்ல வந்தது. நடுவில் ஒரு கொட்டாவி வேறு.

சம்பந்தம் பேசப் போகிற பெண்களுக்குக் கண்ணைவிட மூக்குத்தான் கூட வேலை செய்யும். மீனாம்பிகையின் மூக்கு ஒருதரம் சுருங்கி விரிந்தது.

"அண்ணைக்கு... உடம்புக்கு ஏதும் வருத்தமே?"

அம்மா எதையாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று மதுரா நம்பினாள்.

மகாதேவி நிலத்தைப் பார்த்தாள். "வருத்தம் ஒண்டும் இல்லை. இவர் கொஞ்சம் குடி பாவிக்கிறவர். இண்டைக்குக் காலமையும் எடுத்திட்டார். குறை நினையாதேங்கோ."

மதுராவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே ஏதோ குசுகுசுத்தார்கள். கதிரவேலு பெரிதாகச் சிரித்தார். கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது என்று தலையணையில் முகம் புதைத்து அழுதாள்.

மகாதேவி வந்து கதவைத் தட்டினாள். "எழும்பு. அவைக்கு முழுச் சம்மதம். தையிலை நாள் பாக்கட்டாம்."

"குடிகாரன்ரை வீட்டிலையோ?"

"ஓம். அந்த மனுசி வெளிக்கிடேக்கை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னது, 'குடிதானே தங்கச்சி, அது எந்த வீட்டிலை இல்லை? இவரைக் கிளினிக்கிலை கண்டதெண்டு எங்கடை ஆக்கள் வந்து சொல்லிச்சினம். விசர் பிடிச்ச குடும்பமாக்கும் எண்டு நடுங்கிப்போனன். இப்பதான் எனக்கு உயிர் வந்தது' எண்டு."

நல்ல சேதி சொல்கிறவளின் முகம் அப்படி இருக்காது. மகாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

மதுரா கிணற்றடிக்கு ஓடினாள். தியாகலிங்கம் சேட்டைக் கழற்றிச் சவுக்காரம் போட்டுக்கொண்டிருந்தார். கிட்டப் போய்க் குனிந்தாள். அவர் வாயில் மணமே இல்லை. அவ்வளவும் சேட்டில்தான்.

"நீங்கள் குடிக்கேல்லையோ அப்பா?"

"ஒரு சொட்டும் இல்லை. கால் போத்திலையும் சேட்டிலைதான் ஊத்தினனான். கிளினிக் கதை அவையின்ரை காதுக்குப் போனது எங்களுக்குத் தெரியும். கை நடுங்கிறதுக்கு நாங்களாய் ஒரு காரணம் காட்டாட்டி, அவையளே ஒரு காரணம் கண்டுபிடிப்பினம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் உன்ரை முகம் காட்டிக் குடுத்திருக்கும்."

காலையில் அவரைப் பார்த்த பார்வையை நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. சேட்டை வாங்கினாள். "விடுங்கோ, நான் தோய்க்கிறன். இனி உங்களுக்கு இந்த நடிப்பு வேண்டாம். அவைதான் ஓமெண்டிட்டினமே."

தியாகலிங்கம் நடுங்கும் கையைத் துவாயில் துடைத்தார்.

"அந்த மாமன் கதிரவேலு என்ரை தோளிலை தட்டிச் சொல்லிப்போட்டுப் போறார், கலியாணத்தண்டைக்கு அவரும் நானும் ஒண்டாய் இருந்து ஒரு போத்தில் முடிக்கவேணுமாம். அண்டைக்குச் சேட்டிலை ஊத்தித் தப்பேலாது, பிள்ளை."