மேடைக்கு வராத பேய்

"பேய் மேடைக்கு வராது. பேய்னு ஒண்ணு கிடையவே கிடையாதுங்கறதுதான் என்னோட பார்வை" என்றார் இயக்குநர் பியர்ஸ், காபியை உறிஞ்சிக்கொண்டே.

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரையில், ஓபரா என்னும் இசைநாடகம் போடும் ஒரு சிறிய குழு. கடலில் மூழ்கிச் செத்த தங்கை பேயாக வந்து அக்காவோடு வாதாடும் ஐம்பதுகளின் ஓபரா ஒன்றை, எவ்வளவோ காலம் கழித்து மறுபடி மேடையேற்றுகிறார்கள். இருப்பதே இரண்டு பாடகிகள். அதில் ஒருத்தியைத்தான் பியர்ஸ் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எங்கே நின்னு பாடறது?" என்று கேட்டாள், பேயாகப் பாட வந்த ஹேசல்.

"மேடைக்கு அடியில. குரல் மட்டும் கசிஞ்சு வரணும்."

"அங்கே பாய்லர் இருக்கு. சும்மா உறுமிக்கிட்டே இருக்கும்" என்றாள் மேடை நிர்வாகி நோரீன்.

"அருமை. அந்த உறுமலும் வரட்டும்."

ஹேசலுக்கு அழுகை முட்டியது. "எங்கம்மா கிரிம்ஸ்பியிலேர்ந்து வராங்க. மீன் ஃபேக்டரில லீவு சொல்லிட்டு, ரயில் மாறி மாறி. நான் மேடையில பாடி அவங்க பார்த்ததே இல்ல. ஒரு தடவை என் மூஞ்சி தெரிஞ்சாக்கூடப் போதும்."

அக்காவாகப் பாடும் கான்ஸ்டன்ஸ் குறுக்கே புகுந்தார். அந்தக் குழுவுக்கே அவர்தான் ராணி. "பேய்க்கு எதுக்குக் கண்ணு மூஞ்சி? உங்கம்மாவுக்குக் காது இருக்குல்ல? டைரக்டர் சொல்றபடி கீழே போய் நில்லு."

பியர்ஸ் பூரித்துப்போனார். "பார்த்துக் கத்துக்கோ. இவங்க கலைஞர்."

அரங்கேற்றத்தன்று கான்ஸ்டன்ஸ் கழுத்தில் கம்பளித் துண்டோடு வந்தார். வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

பியர்ஸ் ஹேசல்மேல் பாய்ந்தார். "காலையில இவங்களுக்கு டீ போட்டது நீதானே? அதுல என்னத்தைக் கலந்தே?"

"பால்."

லண்டன் விமர்சகர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் மானம் போகும்.

"எல்லா ஓபராவிலயும் செய்யறதைச் செய்வோம்" என்றாள் நோரீன். "தொண்டை போனவங்க வாயசைச்சு நடிக்கட்டும். மேடை ஓரத்துல நின்னு இன்னொருத்தர் பாடட்டும். அக்கா பாட்டையும் ஹேசல் பழகி வெச்சிருக்கா."

"சரி, கறுப்பு டிரெஸ்ல நிக்கட்டும். அவ மேல வெளிச்சம் படவே கூடாது" என்றார் பியர்ஸ்.

"அக்கா பாட்டு அவளுக்கு மனப்பாடம் இல்லையே. இருட்டுல எப்படிப் படிப்பா? பாட்டுத் தாளுக்கு ஒரு சின்ன விளக்காவது வேணும்" என்றாள் நோரீன்.

பியர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

திரை விலகியது. அந்தச் சின்ன விளக்கு ஹேசலின் மோவாய்க்குக் கீழிருந்து அடித்ததில், கறுப்புத் துணி இருட்டோடு போய்விட, வெளுத்த முகம் மட்டும் தனியாக மிதந்தது. அக்காவின் கேள்வியும் அவள் தொண்டையில்தான், தங்கையின் பதிலும் அவள் தொண்டையில்தான். கான்ஸ்டன்ஸ் சத்தமில்லாமல் வாயை அசைத்தபடி அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பின்வாங்கினார். அரங்கில் ஒருவரும் இருமவில்லை.

"அது எம் பொண்ணு" என்றார் கிரிம்ஸ்பி அம்மா, பக்கத்து இருக்கைக்காரரிடம். பெரிய விமர்சகரான அவர் உதட்டில் விரல் வைத்தார். "எம் பொண்ணுங்க" என்று அந்தம்மா இன்னும் சத்தமாகச் சொன்னார்.

ஆட்டம் முடிந்ததும் விமர்சகர் ஓடிவந்து பியர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். "செத்தவ குரல்ல உயிரோட இருக்கறவ பேசறா. எப்படிங்க தோணுச்சு?"

"முதல் நாளே தோணிடுச்சு. பேயைக் காட்டாம யாராவது பேய்க்கதை பண்ணுவாங்களா?" என்றார் பியர்ஸ், கொஞ்சம்கூடக் கூசாமல். "இனி எல்லா ஆட்டமும் இப்படித்தான்."

ஹேசல் அம்மாவை இழுத்துக்கொண்டு கான்ஸ்டன்ஸிடம் போனாள். "என்னை மன்னிச்சிடுங்க. உங்க பாட்டை நான் எடுத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு." கான்ஸ்டன்ஸ் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அவள் கன்னத்தை லேசாகத் தட்டிவிட்டு வெளியே நடந்தார்.

நோரீன்தான் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டாள். கார் தெருமுனை திரும்பியதும் கான்ஸ்டன்ஸ் துண்டை உருவிப் பின்சீட்டில் எறிந்தார்.

"அந்தப் பொண்ணை மேடையில நிறுத்துன்னு ஒத்திகை பூரா, எல்லார் முன்னாடியும் அந்த முட்டாளுக்கு ஆமாம் போட்டுட்டு, தனியாக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன், கேக்கல" என்றார், கண்ணாடி அதிரும் கணீர்க் குரலில். "வாயை மூடினேன், மேடையில நிறுத்திட்டான்."