நிராகரிக்க ஓர் ஆள்

"என்னை வேண்டாம்னு சொல்றதுக்கு எதுக்கு மாப்பிள்ளை என்னையே வந்து கேக்கச் சொல்றீங்க?"

"அத்தை, மறுபடியும் முதல்லேருந்தா?"

மாப்பிள்ளை மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் தள்ளி வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். அவள் வந்தால் சிரித்துச் சிரித்தே காரியத்தைக் கெடுத்துவிடுவாள்.

மாமியார் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். சீருடைகூட மாற்றவில்லை. போன மாதம் வாங்கிய புதுக் கண்ணாடி நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது.

"எங்க பல்கலைக்கழகத்துல நூறு பேர் கேட்டா எண்பது பேருக்கு இடம் குடுத்துடறோம். ஆத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடம் இருக்கே, தனியார்காரங்க, அங்க நூத்துக்கு அஞ்சு பேருக்குத்தான். அதனால தரவரிசைல அவங்க உச்சியில, நாங்க அடியில."

"அங்க அவ்வளவு நல்லாச் சொல்லித் தர்றாங்களா?"

"அது தெரியாது. வேண்டாம்னு நல்லாச் சொல்றாங்க."

மாமியாரின் கத்தி நின்றது. "ஒண்ணும் புரியலை. எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் எழுந்து நடந்து போனாங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. எத்தனை பேரை வாசலோட விரட்டினீங்கன்னு யாரும் கேட்டதில்லையே?"

"எனக்கும்தான் புரியலை அத்தை. புரிஞ்சு என்ன ஆகப்போகுது? எங்க சேர்க்கைப் பிரிவுத் தலைவர் சொல்லிட்டார். இடத்தைக் குறைச்சா அரசாங்கம் விடாது. அதனால கேக்கற கூட்டத்தைக் கூட்டணுமாம். தற்காலிக ஊழியர் எல்லாரும் ஆளுக்குப் பத்து விண்ணப்பம் கொண்டுவரணும். பத்தையும் நிராகரிச்சா எங்க மதிப்பு ஏறிடும். கொண்டுவந்தவனுக்கு வேலை நிரந்தரம். கொண்டுவராதவன் வீட்டுக்குப் போகலாம். நாளைக்குக் கடைசி நாள், எனக்கு ஒரு ஆள் குறையுது."

"மத்த ஒன்பது பேர்?"

"மீன் கடைக்காரர் வானியல் கேட்டிருக்கார். கீழ்வீட்டுப் பெரியவர் கால்நடை மருத்துவம்."

"அவரா? நாய் குரைச்சா மாடிப்படியில ஏறி நின்னுக்குவாரே!"

"அதான் அத்தை, அவரை நிராகரிக்கறது சுலபம்."

மாமியார் சிரிக்கவில்லை. வழக்கமாக இப்படி ஒன்று கிடைத்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறவர், இன்று வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் நிஜமாக் கேக்கறாங்க, யார் சும்மாக் கேக்கறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வயசை வெச்சுத்தான். நாற்பது தாண்டியிருந்தா சும்மான்னு அர்த்தம். அந்த வயசுல யார் நிஜமாப் படிக்க வரப்போறாங்க? திறந்துகூடப் பார்க்காம ஓரமா ஒதுக்கிடச் சொல்லியாச்சு."

"திறந்துகூடப் பார்க்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அதனால நீங்க பயப்படவே வேண்டாம்."

பயம் போக வேண்டிய முகத்தில் அது வந்து உட்கார்ந்ததுபோல அவனுக்குத் தோன்றியது. ஒருவேளை வெங்காயமாக இருக்கலாம். அதைப் பொருட்படுத்தாமல் அவன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். பெயர், வயது ஐம்பத்தொன்று, வேலை.

"எந்தத் துறைன்னு போடட்டும்?"

"எதுவானாலும் போடுங்க. வரலாறு மட்டும் வேண்டாம்."

"கிடைக்காத இடத்துல பிடிச்சது என்ன, பிடிக்காதது என்ன அத்தை?" என்று சிரித்துக்கொண்டே கணிதம் என்று போட்டான். "அடுத்தது, 'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்?' இதுக்கு எல்லாருக்கும் 'சும்மா'ன்னுதான் போட்டிருக்கேன். உங்களுக்கும் அதையே போட்டுடறேன்."

"சும்மாவா?"

"ஏன் அத்தை, வேற என்ன போடறது?"

மாமியார் எழுந்துபோய்க் குழாயில் கை கழுவினார். சீக்கிரத்தில் முடிகிற கழுவலாக இல்லை. தான் எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. எதை என்றுதான் தெரியவில்லை. வயதைச் சொல்லிக் காட்டியதாலா? பொய் விண்ணப்பம் என்பதாலா? தன் வேலைக்காக இவரைப் போய் இழுக்கிறோமே என்று ஒரு கணம் கூசியது. ஆனால் நாளைக் காலை பிரிவுத் தலைவரின் மேசைமுன் ஒன்பதோடு நிற்பதை நினைத்தபோது கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"அனுப்பிடறேன் அத்தை," என்று விரலை ஓங்கினான்.

ஈரக் கை ஒன்று வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அது போகாது மாப்பிள்ளை."

"ஏன்? நெட் நல்லாத்தானே இருக்கு?"

"ஒரு ஆளுக்கு ஒரு விண்ணப்பம்தான்னு உங்க இணையப் பக்கத்துலயே போட்டிருக்கு." மாமியார் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் போன மாசமே போட்டுட்டேன். வரலாறுக்கு. பொண்ணுகிட்டகூடச் சொல்லலை. உங்க கணக்குக்கு ஆள் குறையுதுன்னா அதையே பத்தாவதா வெச்சுக்கோங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். ஆனா ஏன் படிக்க விரும்புகிறீர்கள்னு கேட்டதுக்கு நான் நாலு பக்கம் எழுதியிருக்கேன் மாப்பிள்ளை. வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னாடி, யாரையாவது அதை ஒரு தடவை படிச்சுப் பார்க்கச் சொல்றீங்களா?"