ஒத்தகை என்பது யார்?

கோப்புகளின் பழைய வடிவங்களைக் காத்துவைக்கும் மென்பொருளில் ‘அழி’ என்றொரு கட்டளை இருந்தது. சேமிப்பில் சேராத கோப்புகளையெல்லாம் ஒரே வீச்சில் துடைத்துவிடும்.

ஒருநாள், அந்த மென்பொருளில் வேலை செய்துவந்த எஸ்தர் அதை அழைத்தாள். முதலில் எதையும் அழிக்காமல் பேருக்குச் செய்து பார்க்க ‘ஒத்திகை’ என்ற துணைச்சொல்லையும் கூடவே அனுப்ப நினைத்தவள், அவசரத்தில் ‘ஒத்தகை’ என்று தட்டிவிட்டாள்.

வரும் கட்டளைகளைச் சரிபார்த்து உள்ளே விடும் வாசற்காவல் மறித்தது. “ஒத்தகையா? அப்படி யாரையும் எனக்குத் தெரியாதே.”

“தெரியாட்டி விடு. என் பேர் சரியாத்தானே இருக்கு?” அழி துள்ளியது.

“எதுக்கோ சேர்த்திருக்காங்க. கேட்காம விடமாட்டேன்.”

திரையில் கேள்வி எழுந்தது. எஸ்தர் எழுத்தைத் திருத்தினாள். ஒத்திகை வந்து கையைப் பிடித்துக்கொள்ள, அழி எதையும் தொடாமல், துடைக்கவிருந்த கோப்புகளின் பெயர்களை மட்டும் வாசித்தது.

“ஐயோ, அது என் ஒரு மாச வேலை!” எஸ்தர் அலறியடித்து அதைச் சேமித்தாள்.

அழிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

“நல்லவேளை, நீ என் பேச்சைக் கேட்கல” என்றது காவலிடம்.