நூற்றுக்கு எண்பத்தெட்டு

வீட்டுக்குள்ளேயே திருடன் இருக்கிறான் என்று புத்தகக்காரருக்குச் சந்தேகம் வந்து மூன்று மாதம் ஆகிறது. யார் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை. மனைவியின் தம்பிதான்.

ஆனால் அதை அந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அவள் தம்பியைத் தங்கக்கம்பி என்றுதான் கூப்பிடுவாள். முப்பத்தைந்து வயதாகி, இரண்டு வேலைகளை விட்டுவிட்டு, அக்கா வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் கம்பி அவள் கண்ணுக்குக் கறுக்கவே இல்லை.

புத்தகக்காரரின் தொழில் பழைய பள்ளிப் பாடப் புத்தகம். வீடு வீடாகப் போய் வாங்கி வருவார். கிழிந்ததை ஒட்டி, பென்சில் கிறுக்கலை அழித்து, புதுப்பெண்ணைப் போல ஆக்கிவிடுவார். முன்பு பில்லும் கணக்கும் இல்லாமல் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். வாடகை கடையை விழுங்கியதும், இன்டர்நெட் சந்தையில் விற்கலாம் என்று யோசனை சொன்னவன் தங்கக்கம்பி. சந்தையில் கடை அவன் பெயரில் இருந்தது. விற்ற பணமும் அவன் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். சந்தைக்காரனின் கமிஷன் போக மிச்சத்தை வாராவாரம் மாமாவிடம் கொடுப்பான். பில் போடுவது, பார்சல் கட்டுவது எல்லாம் அவன் பொறுப்பு.

புத்தகக்காரர் வாங்குவதோடும் ஒட்டுவதோடும் சரி. கடைத்தெரு என்றாலே அவருக்கு ஆகாது. வீட்டுக்கு வேண்டிய சோப்பிலிருந்து பிள்ளைகளின் செருப்பு, புத்தகம் வரை மனைவிதான் வாங்கி வருவாள்.

கமிஷன் நூற்றுக்குப் பத்து என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் தொண்ணூறு வரவேண்டும். வந்ததோ எண்பத்தெட்டு. இரண்டுதானே என்று விட்டுவிடலாம். ஆனால் எல்லாச் செலவும் போக அவருக்கு நிற்கவேண்டியதே நூற்றில் நாலுதான். அதில் பாதியை எவனோ தின்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

அன்று காலை கேட்டே விட்டார். முன்அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தங்கக்கம்பி டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். மிச்சம் இரண்டு எங்கே என்றார். இன்றைக்கு முடிவு தெரியாவிட்டால் நேரே போலீஸ்தான் என்றும் சொன்னார்.

போலீஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் அடுப்படியிலிருந்து மனைவி ஓடிவந்தாள். வரும்போதே அழுகை.

"என் தம்பியைத் திருடன்னு சொன்ன வீட்டுல இனி எனக்கு என்ன வேலை? நானும் பிள்ளைகளும் இப்பவே கிளம்பறோம்."

சொன்னபடி பெட்டியையும் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். புத்தகக்காரருக்கு உள்ளுக்குள் ஆடிப்போயிற்று. இரண்டைக் கேட்கப்போய்க் குடும்பமே கையைவிட்டுப் போகிறதே என்று பயந்தார்.

தங்கக்கம்பிக்குக் கோபமே வரவில்லை. டேப்பைக் கீழே வைத்தான்.

"உட்காருங்க மாமா. விற்பனை வரின்னு ஒண்ணு இருக்கு, நூத்துக்கு இருபது. வாங்கறவன் நூத்தி இருபது கட்டறான். அந்த இருபது சர்க்காருக்குப் போயிடும். ஆனா சந்தைக்காரன் நூத்தி இருபதுக்கும் சேர்த்து கமிஷன் எடுத்துக்கறான். பத்து இல்ல, பன்னிரண்டு. அப்ப நமக்கு மிஞ்சறது?"

எண்பத்தெட்டு. புத்தகக்காரர் விரல்விட்டுக்கூடப் பார்த்துவிட்டார். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. நம் கையில் படாத பணத்துக்கு நம்மிடம் கமிஷன் பிடிக்க எவனுக்காவது மனசு வருமா? சந்தையின் உதவி எண்ணுக்கு அவரே போன் போட்டார். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் குரல் வந்தது.

"ஆமாம் சார். வரி உள்ள பொருளுக்கு, வரி சேர்த்த மொத்தத் தொகைக்குத்தான் கமிஷன்."

"அந்த வரிய நான் கண்ணால கூடப் பார்க்கறதில்லையேம்மா. அதுக்கு எதுக்கு நான் உங்களுக்குக் கமிஷன் கொடுக்கணும்?"

"உங்க உணர்வு புரியுது சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

புத்தகக்காரர் போனை வைத்தார். திருடன் வீட்டுக்குள் இல்லை. ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில், குளுகுளு அறையில், டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனை எந்தப் போலீஸ் பிடிக்கும்?

தங்கக்கம்பியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை மன்னிச்சிடு மாப்பிள்ளை. இனிமே உன்கிட்ட கணக்குன்னு வாயைத் திறக்க மாட்டேன்."

அதெல்லாம் பெரிய வார்த்தை மாமா என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். மனைவி பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். புத்தகக்காரர் சந்தைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, புத்தகம் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனசு லேசாகிவிட்டதால் நடையில்கூட ஒரு துள்ளல் இருந்தது.

அவர் தெருமுனை திரும்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கன்னத்து ஈரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தம்பிக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"போன வாரம்தான் சின்னவளுக்குப் பாடப் புத்தகம் வாங்கினேன். பாடப் புத்தகத்துக்கு வரியே கிடையாதுன்னு கடைக்காரர் சொன்னாரேடா?"

தங்கக்கம்பி மறுபடி கையில் எடுத்திருந்த டேப் நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"சரி, உனக்காக அழுததுக்கு என் கமிஷனை எடுத்து வை," என்றாள் அக்கா. "மூணு மாசத்து மொத்தத் தொகைக்கும்."