வெளிச்சத்தைத் திருப்பியது யார்?

நாடகம் முடிந்ததும் கதாநாயகனின் மனைவி விறுவிறுவென்று லைட்காரரிடம் போனாள்.

"கடைசிக் காட்சியில அவர் முகமே தெரியலை. வெளிச்சம் பூரா அந்தப் புதுப் பொண்ணு மேல! இத்தனை வருஷமா லைம்லைட்ல இருக்கிற மனுஷனை இருட்டுல நிக்க வச்சிட்டீங்களே?"

லைட்காரர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணு பிச்சு உதறிடுச்சே, அண்ணி!"

"இல்லைன்னு சொல்லலை. சனம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அதுக்காக? யாரைக் கேட்டு லைட்டைத் திருப்புனீங்க?"

"நீங்களே திருப்பிப் பாருங்க."

மேடையோரக் கம்பத்திலிருந்த விளக்கைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. போல்ட் போட்டு இறுக்கியிருந்தது.

"ஒத்திகையில அண்ணன் நின்ன இடத்துக்குன்னு வச்சு இறுக்கினது. லைட் அப்படியேதான் இருந்துச்சு. அண்ணன்தான் அந்தப் பொண்ணைக் கையைப் பிடிச்சு அங்க நிறுத்திட்டு, பின்னால நகர்ந்துட்டாரு."

வாசலில் புதுப் பெண்ணைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, அந்தப் பெண்ணின் பையையும் குடையையும் சுமந்தபடி கதாநாயகன் நின்றிருந்தார்.

"என்ன, லைட்காரர்கிட்ட சண்டையா?"

"ஆமா. தோத்துட்டுதான் வர்றேன்" என்றவள், குடையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.